சம்படத்துக்குள் ரேடியோ, மாடியில் புனல்

“இம்புட்டுப் பெரிய புனல் எந்தச் செக்குக்கு டீச்சர்?”

தகர வேலை செய்யும் அண்ணாச்சி கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வாய் 75-க்கு 60 செ.மீ., அடி 17-க்கு 11, நீளம் 70. கணக்கு நோட்டில் கிழித்த தாளில் நான் வரைந்து கொண்டுபோன படத்தை அவர் நேராக ஒரு தரம், தலைகீழாக ஒரு தரம் பார்த்தார். ஆகாசத்தில் இருக்கிற ஹைட்ரஜனைப் பிடிக்க என்று சொன்னேன். “ஓ, கேஸா? அப்போ ஓரத்துல ஈயம் நல்லா ஓட்டணும், இல்லாட்டிக் கசியும்” என்று சொல்லிவிட்டு, நான்கு மூலையிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் ஈயம் ஓட்டிக் கொடுத்தார். அவர் புரிந்துகொண்டது தப்பு. ஆனால் ரேடியோ அலைக்கும் கசிவு ஆகாது என்பதால் வேலை கச்சிதமாக அமைந்துவிட்டது.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மொட்டை மாடியில் கேட்பு நிலையம் ஒன்று வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஒரு கம்பி, ஒரு புனல், ஒரு எவர்சில்வர் சம்படம், படிக்கட்டு அறையில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். இதைக் கட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக்கு மேல் வானத்தோடு போகவில்லை, என் வீட்டு மின்சாரத்தோடு போனது. அந்தக் கதையை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் ஆரம்பித்தது அப்பாவிடம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் இரவு 9.10-க்கு ட்யூப்லைட் அணைந்துவிடும். 9.15-க்கு பிபிசி தமிழோசை. லைட் எரிந்தால் சிற்றலையில் ‘ஙொய்ய்’ என்று ஒரு இரைச்சல் கூடவே வரும், அது சோக்கு பண்ணுகிற வேலை என்பார். அந்த அரை மணி நேரம் அரிக்கேன் விளக்கில் அம்மா தோசை சுடுவாள். “ஊர்ல கரண்டு இல்லாதவ விளக்குல சமைப்பா, நான் கரண்டு இருந்தும் விளக்குல சமைக்கேன்” என்று ஒவ்வொரு நாளும் சொல்வாள். ஒவ்வொரு நாளும் அப்பா காதில் விழாத மாதிரி இருப்பார்.

அவரிடம் ஒரு நீளப் பேரேடு உண்டு. தேதி, ஜிஎம்டி நேரம், அலைவரிசை, நிலையம், மொழி, கடைசியில் 5 எண்கள். ஒலியின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்கும் தடுமாற்றம், மொத்தத் தரம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். 5 என்றால் குறையில்லை. அந்த மார்க்கை ஏரோகிராமில் எழுதிப் போட்டால் ரேடியோ ஆஸ்திரேலியாவும் ஜப்பானின் என்எச்கேயும் வண்ண அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகள் இன்னமும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு தமிழோசை சிற்றலையில் நின்றது. மறுநாள் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை. ரேடியோ பரணுக்குப் போயிற்று.

2024 கோடை விடுமுறையில்தான் அந்த யுஎஸ்பி குச்சியை வாங்கினேன். கட்டைவிரல் பருமன்தான். கணினியில் டிவி பார்க்க என்று விற்ற பொருள் இது. உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், அலையை அப்படியே எண்களாக்கி வெளியே தள்ளும் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். டிவிக்கென்று விற்றது அன்றிலிருந்து ஏழைகளின் ரேடியோ ஆய்வுக்கூடம். ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 வரை கேட்கும். நான் வாங்கியதில் சிற்றலைக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனால் அந்தப் பக்கம் காது கொஞ்சம் மந்தம்.

முதலில் சிற்றலை. தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து மாடியின் எதிர்மூலைக்கு 18 மீட்டர் கம்பி. கம்பியையும் டிஷ் கேபிளையும் அப்படியே முடிச்சுப் போட்டால் சரிவராது, நடுவில் ஒரு சின்ன மின்மாற்றி வேண்டும். ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் 3 எனாமல் கம்பியைச் சேர்த்து 9 சுற்று. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டதும் மிச்சக் கம்பியில் ஒரு கை நிறையச் சும்மாவே கொடுத்தார்கள். சுற்றினேன், பற்றவைத்தேன், மாடிக்கு ஏறினேன், செருகினேன். ஒரு சத்தமும் இல்லை. 2 நாள் கழித்துத்தான் கம்பி நுனியில் எனாமலைச் சுரண்டவில்லை என்று உறைத்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் இதற்காகப் பிள்ளைகளுக்கு மார்க் குறைத்தவள் நான்.

சுரண்டிப் பற்றவைத்ததும் கேட்டது. என்ன கேட்டது என்றால், இரைச்சல். 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 15 வரை திரை முழுக்கக் கூரை வேய்ந்த மாதிரி ஒரே மஞ்சள் பட்டை. அதற்குள் நிலையம் இருந்தாலும் தெரியாது.

அப்பாவிடம் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “லைட்ட அமத்து” என்றார்.

இப்போது எந்த லைட்டை என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் வீட்டில் ஒரே ஒரு சோக்கு. இன்றைக்கு எல்.இ.டி. பல்பு ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் ஒரு குட்டி மின்வழங்கி இருக்கிறது. அது நொடிக்குப் பல ஆயிரம் தரம் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரைச்சல் வயர் வழியாக வெளியே வரும், வீட்டு வயரிங் முழுவதும் அதற்கு ஆண்டெனாவாகிவிடும். சார்ஜரும் அப்படித்தான், கேபிள் பெட்டியின் அடாப்டரும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்துகொண்டதுதான் காரணம். அதையும் நிறுத்தினேன். திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் மெல்லிசாக, செங்குத்தாகக் கோடுகள். நிலையங்கள்! 10 மெகாஹெர்ட்ஸில் சீனத்து நேரக்குறி ‘டிக் டிக்’ என்று துல்லியமாக வந்தது. 7-க்கு மேலே ஹாம்கள், அதாவது பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்கள், யாரோ இருவர் தமிழில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எது கத்துகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். 12 எல்.இ.டி. பல்பில் 5 மோசம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவற்றில் இரண்டு பரம சாது, மூன்று ராட்சசன். மகனின் சார்ஜர், கொசு மட்டை சார்ஜ் ஏறும்போது, எல்லாம் தாளில் ஏறின. எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி பூஜை அறையில் முருகன் படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு. அதை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் இரவு 9-லிருந்து 11 வரை அணைக்கலாம் என்று உடன்படிக்கை. “சாமி தூங்குற நேரந்தான” என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். அப்பா பரணிலிருந்து பேரேட்டை இறக்கச் சொன்னது அந்த வாரம்தான்.

வானத்துப் பக்கம் நான் திரும்பியதற்குக் காரணம் ஊட்டி. பி.எஸ்சி. படித்தபோது சுற்றுலா போயிருந்தோம். எல்லோருக்கும் போட் ஹவுஸ் அவசரம். வாத்தியார் பிடிவாதமாகப் பேருந்தை முத்தோரைக்குத் திருப்பச் சொன்னார். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்துக் கிடக்கிறது. கிண்ணம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால், வரிசையாக 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் வேலை செய்ய ஆரம்பித்தது. அவர் தேடியது ஒரு சரிவு: வடக்கு தெற்காக, அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சாய்வாக. ஊட்டிக்கு 11 டிகிரி. அப்படி அமைந்தால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே ஒரு அச்சில் உருட்டினால் போதும், ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். இயந்திரத்துக்குச் செலவழிக்க வேண்டியதை ஒரு மலையைத் தேடிப் பிடித்து மிச்சப்படுத்திய மூளை. அன்றைக்கு எனக்கு இதில் பாதிதான் புரிந்தது. கம்பிகளுக்கு நடுவே காற்று போன சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் மாடிக்கு ஏற்றது ஹைட்ரஜன். பால்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுவில், எலக்ட்ரானின் சுழற்சி புரோட்டானோடு ஒரே திசையில் இருப்பதற்கும் எதிர்த்திசையில் இருப்பதற்கும் இடையே ஆற்றலில் ஒரு நூலிழை வித்தியாசம். அது புரளும்போது 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. நீளத்தில், ஒரு அலை வரும். ஓர் அணு தானாகப் புரளச் சராசரியாக ஒரு கோடி வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் அணுக்களின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை என்பதால் அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்த 1944-இல் வான் டி ஹல்ஸ்ட் என்ற மாணவர் தாளில் கணக்குப் போட்டுச் சொன்னார். 1951 மார்ச் 25-இல் ஹார்வர்டில் யூவென், பர்செல் இருவரும் பிடித்துக் காட்டினார்கள். அவர்கள் வைத்ததும் புனல்தான். ஆய்வுக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாணவர்கள் அதற்குள் பனியுருண்டை எறிந்து விளையாடுவார்களாம், மழை பெய்தால் தண்ணீர் நேராக அறைக்குள் வருமாம். இதை வாசித்தபோது சிரித்தேன். கொஞ்சம் பொறுத்துச் சிரித்திருக்கலாம்.

1400-லிருந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகத்தில் யாரும் அலைபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி. ஆக அங்கே சத்தம் கேட்டால் ஒன்று வானம், இல்லையென்றால் ஏதோ ஒரு மின்சாதனத்தின் கசிவு. எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தேன்.

முதல் புனல் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, உள்ளே அடுப்படி அலுமினியத் தாள் ஒட்டியது. அடியில் பெயிண்ட் கடையில் வாங்கிய 5 லிட்டர் தின்னர் டின். டின்னின் அகல முகத்தில், பின்சுவரிலிருந்து 6.7 செ.மீ. தள்ளி ஒரு துளை, அதில் 5.2 செ.மீ. செப்புக் கம்பி. அந்தக் கம்பிதான் உண்மையான ஆண்டெனா, மற்றதெல்லாம் அதற்கு வழி காட்டுகிற மதில். எண்ணெய் வரும் 15 லிட்டர் டின் வீட்டிலேயே கிடந்தது, ஆனால் அது இந்த அலைக்கு ரொம்ப அகலம். உள்ளே அலை ஒழுங்காக ஒரு வழியில் போகாமல் நான்கு விதமாகப் புரளும். புனல் 2024 ஜூனில் தயார். ஜூனில் எங்கள் ஊரில் என்ன வரும்? குற்றாலத்துச் சாரல். மூன்றாம் நாள் காலையில் மாடிக்குப் போனால் அட்டை ஊறிய அப்பளம் மாதிரி தொட்டியின் மேல் படிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் தகரக்கடை அண்ணாச்சி.

தகரப் புனல் வந்த பிறகும் ஹைட்ரஜன் வரவில்லை. செய்த தவறு இதுதான். இந்த அலைக்கென்றே வடிகட்டியோடு வரும் சிறு பெருக்கி ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கீழே, லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். மாடியிலிருந்து கீழே 15 மீட்டர் டிஷ் கேபிள். 1420 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் வழியிலேயே பாதிக்கு மேல் தின்றுவிடும். தின்றது போதாதென்று தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கும். பிறகு பெருக்கி எதைப் பெருக்கும்? இரைச்சலைத்தான். வயலில் அறுத்த நெல்லை வழியெல்லாம் சிந்திவிட்டு வீட்டுக்கு வந்து மரக்காலால் அளக்கிற கதை. பெருக்கியை டின்னோடு ஒட்டி வைத்து, அதற்கு வேண்டிய கரண்டைக் குச்சியிலிருந்து கேபிள் வழியாகவே மேலே அனுப்பினேன். அந்தக் குச்சியில் இந்த வசதி இருக்கிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. யார் சொல்லியும் நான் நம்பியிருக்க மாட்டேன். புனல் வானத்தைப் பார்த்து இருந்தது. திரையில் இரைச்சலின் அளவு ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. மகனைக் கீழே கோட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மாடியில் புனலின் வாய்க்கு மேலே குனிந்தேன். “ஏறுதும்மா!” என்று கத்தினான். விலகினேன். “இறங்கிருச்சு.” கையை மட்டும் நீட்டினேன். கொஞ்சம் ஏறியது. வெதுவெதுப்பான எந்தப் பொருளும் எல்லா அலைவரிசையிலும் கொஞ்சம் ரேடியோ இரைச்சல் விடும், மனித உடம்பும்தான். பின்னால் இருக்கும் வானம் அவ்வளவு குளிர்ச்சி என்பதால் என் கை அதன்முன் அடுப்பு மாதிரி தெரிகிறது. 20 வருடமாகக் கரும்பொருள் கதிர்வீச்சு என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அன்றைக்குத்தான் என் முழங்கையில் அது இருப்பதைப் பார்த்தேன்.

அக்டோபரில் ஒரு இரவு 1420.0-இல் கூர்மையாக ஒரு முள் எழும்பி நின்றது. எனக்குக் கை கால் ஓடவில்லை. 1420.4-க்குக் கொஞ்சம் கீழே. கணக்குப் போட்டேன்: 0.4 மெகாஹெர்ட்ஸ் குறைவு என்றால் அந்த வாயு நொடிக்கு 85 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது. பால்வெளியில் நடக்கக்கூடிய வேகம்தான்! அப்பாவை எழுப்பினேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன். ஒரு பையன் கைதட்டினான். அன்று இரவு முழுக்கப் பதியட்டும் என்று, மென்பொருளை ஓடவிட்டு லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன். காலையில் கோப்பைத் திறந்தால் முள்ளைக் காணோம். திரையைத் திறந்து வைத்தேன், முள் வந்தது. மூடினேன், போனது.

பழைய லேப்டாப். திரை 1280-க்கு 800 புள்ளி. அந்தத் திரைக்குப் புள்ளிகளைத் தள்ளும் கடிகாரம் 71 மெகாஹெர்ட்ஸ். அதன் மடங்குகளிலும் அது கசியும். 71-ஐ 20-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

வகுப்பில் போய் வாபஸ் வாங்கினேன். கைதட்டிய பையன்தான் அதிகமாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எதையும் தொடவில்லை. ஜான்ஸ்கியைத் திரும்ப வாசித்தேன். அவர் வானியல் ஆள் கிடையாது. பெல் ஆய்வுக்கூடத்தில், கடல் தாண்டிய ரேடியோ தொலைபேசியில் வரும் இரைச்சல் எங்கேயிருந்து என்று கண்டுபிடிக்க வைத்த ஆள். இரைச்சலைத் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் தனித்தனியே கட்டி வைத்துவிட்டார். மூன்றாவதாக ஒரு சீரான ‘ஸ்ஸ்’ மிஞ்சியது. அது ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னாடியே வந்தது. 24 மணி நேரச் சுற்று என்றால் சூரியன், அல்லது மனிதர்கள். 23 மணி 56 நிமிடம் என்றால் நட்சத்திரம். 1933-இல் அது பால்வெளியின் நடுப்பகுதியிலிருந்து வருகிறது என்று அறிவித்தார். பின்னால் வந்த ரீபர், 1937-இல் இல்லினாய்ஸில் தன் வீட்டு முற்றத்தில் சொந்தக் காசில் 9 மீட்டருக்கு மேல் அகலமான கிண்ணம் கட்டி 3,300-இல் தேடினார், இல்லை. 900-இல் தேடினார், இல்லை. 160-இல் கிடைத்தது. அவருக்கும் தொல்லை தெருவில் போகும் கார்களின் தீப்பொறிதான், அதனால் ராத்திரியில் உட்கார்ந்தார். என் முருகன் படம் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த 4 நிமிடத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்தச் சத்தம் வந்தாலும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய்? காலை 5.40-க்கு ஒரு கோடு தினமும் வரும். அது எதிர்வீட்டுப் பெரியம்மா தண்ணீர் மோட்டார் போடும் நேரம். மார்கழியில் 4.30-க்கு வந்தது கோயில் ஒலிபெருக்கியின் பெட்டி. இவர்களெல்லாம் கடிகாரக்காரர்கள்.

லேப்டாப்பை வீட்டுக்குள் ஒதுக்கிவிட்டு, ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுள்ள கணினி ஒன்றில் குச்சியைச் செருகி, இரண்டையும் அம்மாவின் முறுக்குச் சம்படத்துக்குள் வைத்தேன். மூடி இறுக்கமான எவர்சில்வர். கேபிள் நுழையும் இடத்தில் ஒரு துளை, அதைச் சுற்றித் தாமிர நாடா, பக்கத்தில் ஒரு ஃபெரைட் வளையம். சம்படம் போனதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். தீபாவளிக்குப் புதிது வாங்கிக் கொடுத்தும், “அதுல மூடி சரியில்ல” என்கிறாள். மூடி விஷயத்தில் அவள் சொல்வது நிஜம், அதனால்தான் நான் பழையதை எடுத்தேன்.

2025 ஜனவரி முதல் வாரம். புனல் நேர் உச்சியைப் பார்த்தபடி. எங்கள் ஊர் அட்சரேகை சுமார் 9 டிகிரி. பால்வெளியின் பட்டை எங்கள் உச்சியைத் தினமும் இரண்டு முறை கடக்கும். ஒன்று மிருகசீரிடத்துக்குக் கிழக்கே, பால்வெளியின் மையத்துக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில். இன்னொன்று திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில். ஜனவரியில் முதலாவது நள்ளிரவு 12.10 வாக்கில் தலைக்கு மேலே வரும். 10 நிமிடப் பதிவு ஒவ்வொன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து, பால்வெளிப் பட்டை இல்லாத வானத்தின் பதிவால் வகுத்தேன். அப்படி வகுத்தால்தான் கருவியின் சொந்தக் கோணல் போகும். முள் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, 1420.4 பக்கத்தில் மாட்டின் திமில் மாதிரி ஒரு மேடு, சாதுவாக. 11.30-க்கு இல்லாத அளவுக்கு 12.10-க்கு, பிறகு இறக்கம். நம்பவில்லை. 10 இரவு தொடர்ந்து எடுத்தேன். பத்தாம் இரவில் உச்சம் 11.30-ஐ ஒட்டி வந்தது. 10 நாள், 40 நிமிடம்.

இந்தத் தடவை யாரையும் எழுப்பவில்லை. மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் பனியில் நின்றுவிட்டு வந்து படுத்தேன்.

அழகான படம் கிடைத்தது ஜூலையில். கழுகு மண்டலம் நள்ளிரவு தாண்டி உச்சிக்கு வரும் நேரம், அதுவும் சாரல் சீசன். வானத்தைப் பார்த்த புனலில் சாரல் விழுந்தால் என்ன ஆகும் என்று யூவெனிடம் கேட்டிருக்க வேண்டும். முதல் இரவு தின்னர் டின்னில் ஒரு டம்ளர் தண்ணீர். பெருக்கி டின்னுக்கு வெளியே இருந்ததால் பிழைத்தது. பாலித்தீன் ஷீட்டை வாயில் இறுக்கி, நைலான் கயிறு போட்டு, நடுவில் உள்ளிருந்து ஒரு பிவிசி குழாயால் கூடாரம் மாதிரி தூக்கிவிட்டேன். தண்ணீர் தேங்காமல் வழிந்தது. பாலித்தீன் ரேடியோவுக்குக் கண்ணாடி மாதிரி, அதன்மேல் தேங்கும் தண்ணீர்தான் திரை. மேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. கண்ணால் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு எங்கள் ஊர் ஜூலையில் விடுமுறை. எனக்குச் சாரல் கொட்டக் கொட்ட வரைபடம் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு திமில். சூரியனும் பூமியும் ஓடுகிற ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தால், ஒன்று பூஜ்ஜியத்தை ஒட்டி: அக்கம்பக்கத்து வாயு. இன்னொன்று நொடிக்கு 60 கி.மீ. வாக்கில் விலகிப் போவது, தேய்ந்து தேய்ந்து 80 வரை நீள்கிறது. அது உட்பக்கத்து வட்டத்தில் நம்மை முந்திக்கொண்டு ஓடும் வாயு. என் புனலின் பார்வை 20 டிகிரி அகலம், ஆகவே எல்லாம் மங்கல்தான், கரைகள் கிடையாது. ஆனாலும் பால்வெளி சுழல்கிறது என்பதற்கு ஆதாரம் தகரத்தில் வந்து விழுந்திருந்தது. மொத்தச் செலவு 15,000-க்குள். சம்படம் தனி.

காலையில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதக் கேக்க முடியாதா?”

“கேட்டா சும்மா இரையும்பா. மணிக்கணக்குல கூட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“அப்போ ரேடியோன்னு எப்படிட்டி சொல்லுத?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் பேரேட்டைத் திறந்தார். தேதி. “நேரம் ஜிஎம்டில சொல்லு.” சொன்னேன், 18.50. அலைவரிசை என்ற இடத்தில் கிலோஹெர்ட்ஸில் எழுதுவது அவர் வழக்கம், 1420400 என்று கட்டத்தைத் தாண்டி எழுதினார். மார்க் போட ரொம்ப யோசித்தார். வலு 1. குறுக்கீடு 5, அங்கே யாருமே இல்லையே. இரைச்சல் 1. தடுமாற்றம் 5. மொத்தத் தரம் 1 போட்டு, அடித்துவிட்டு 2 ஆக்கினார். மொழி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு ஒரு கோடு போட்டார்.

இப்போது வியாழன் கோளுக்குத் தயாராகிறேன். 1955-இல் பர்க், ஃபிராங்க்லின் இருவரும் 22 மெகாஹெர்ட்ஸில் தற்செயலாகப் பிடித்தது: வியாழன் சிற்றலையில் கத்தும். ‘ஐயோ’ (Io) என்ற அதன் துணைக்கோள் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் புயல் மாதிரி வெடிக்கும், கரையில் அலை மோதுகிற மாதிரி இருக்குமாம். அப்பாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, காதால் கேட்கலாம் அல்லவா. 20.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் கம்பி ஆண்டெனா 7 மீட்டர், அது 2 வேண்டும். இடைவெளியும் சேர்த்தால் எங்கள் மாடி பத்தாது. ஒரு முனையைப் பெரியம்மா வீட்டுத் தென்னையில் கட்டினால் சரியாக வரும்.

போய்க் கேட்டேன். மாடியில் இருப்பது மழைநீர் சேகரிப்பு என்றே பெரியம்மா இதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். “கம்பியில கரண்டு பாயுமா? மரம் பட்டுப் போயிரப் போகுது.” பாயாது, அது சும்மா கேட்கிற கம்பி என்று சொன்னேன். நாலு நாள் யோசித்துவிட்டு, காய் பறிக்க வருகிற ஆளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் வியாழக்கிழமை வருகிறாராம், கயிற்றைக் கொடுத்தால் மேலே அவரே கட்டிவிடுவாராம். மோட்டாரை 5.40-க்குப் போடாமல் ஆறு மணிக்கு மேல் போட முடியுமா என்று கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.